வாய் பதினாலு, வயிறு பதினைந்து

மேஸ்திரி ஓடி வந்தார் என்பதே முதல் அதிர்ச்சி. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் ஓடி மனைவி ரசீதக்கா பார்த்ததில்லை. வேகமாக நடந்ததே இரண்டு தடவைதான். இரண்டும் சாப்பாடு தீரப்போகிற கல்யாணங்களில். இப்போது மத்தியான வெயிலில், ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் வெறும் சிமெண்டுமாகப் பட்டறை வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"பூட்டிட்டாங்க" என்றார்.

"எதை?"

"அடுப்பை."

"அடுப்பை யாராவது பூட்டுவாங்களா? மொதல்ல தண்ணியக் குடிங்க."

"உன் தம்பி ரொட்டிக்கடை அடுப்பைத்தான்மா. பேங்க்காரங்க வந்து ரெண்டு கதவுப் பிடிக்குள்ளயும் சங்கிலிய விட்டு, இவ்ளோ பெரிய பூட்டு போட்டுட்டாங்க. நோட்டீஸ் வேற ஒட்டியிருக்கான். பசைகூட ஒழுங்கா தடவல. ஒரு மூலை பறக்குது."

வீடே பற்றி எரிந்தாலும் தீயணைப்புக்காரன் குழாயைச் சரியாகச் சுருட்டினானா என்று பார்க்கிற மனிதர் அவர்.

ரசீதக்கா பதறவில்லை. மடியிலிருந்த காகிதங்களைத் தட்டி அடுக்கி ரப்பர் பேண்டு போட்டாள். அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். கால் கிலோ ஆணி வாங்கினாலும் ரசீது கேட்பாள். ஒரு தடவை பஸ்ஸில் நடத்துனர் சீட்டுக் கிழிக்க மறந்துவிட்டார் என்று, இறங்கின பிறகும் பின்னாலேயே நடந்து போய் வாங்கினாள். மேஸ்திரி செங்கல்லால் அடுப்புக் கட்டுவார். அந்த அடுப்புக்கான காகிதத்தை அவள் கட்டுவாள். இவர் ஒப்பந்தத்தில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: கடைசித் தவணை வரும்வரை அடுப்பு எங்களுடையது, தவணை நின்றால் பிரித்து எடுத்துக்கொள்வோம். வரி எழுதினால் போதாது. அடுப்பு நிற்கிற மனையின் பெயரில் பதிவு அலுவலகத்தில் அதை ஏற்ற வேண்டும். ஊரில் இருக்கிற பத்துப் பதினைந்து அடுப்பு மேஸ்திரிகளில் இதைச் செய்கிற ஒரே ஆள் இவர். அதாவது இவர் மனைவி.

"நம்மகிட்ட பதிவு இருக்குல்ல? எதுக்கு இந்த ஓட்டம்? காலக் கழுவிட்டு வாங்க, போய்க் காட்டிட்டு வரலாம்" என்றாள்.

சொன்ன குரலில் ஒரு பெருமை இருந்தது. இருக்காதா? அந்தப் பதிவுக்காக அவள் இரண்டு வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா? சொந்தத் தம்பி மேலேயே பதிவு போட்டவள் என்று சொந்தக்காரர் எவரும் அவளை விட்டு வைக்கவில்லை. சித்தப்பா ஒருத்தர், "உன் புருஷன் வேற எங்கயும் ஓடாம இருக்க அவர் மேலயும் ஒண்ணு பதிஞ்சு வச்சுக்கோ" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். தம்பி அதுகூடச் சொல்லவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டான். மாதம் பிறந்தால் தவணைப் பணத்தை ஒரு ரொட்டிப் பையில் போட்டு, மேலே நாலு பன்னையும் வைத்துக் கொடுத்தனுப்புவான். ஒரு வார்த்தை வராது. பன் மட்டும் மிருதுவாக இருக்கும்.

அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. இதுவரை மேஸ்திரி கட்டியதிலேயே பெரிய அடுப்பு அது. வார்ப்பிரும்புத் தகடு, தீச்செங்கல், நீராவிக் குழாய், பர்னர் எல்லாம் வாங்குவதற்காக இருந்த வீட்டை விற்றார்கள். அன்றிலிருந்து பட்டறைக்குப் பின்னால் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் குடித்தனம். தலைமாட்டில் செங்கல் அடுக்கு, கால்மாட்டில் மணல். தவணை முடிந்ததும் வீடு என்பது பேச்சு. மூன்று மாதமாகத் தவணை வரவில்லை, பன்னும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. தம்பியிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு அவளிடம் ரசீதுப் புத்தகம் இல்லை.

*

கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மாவு. தொட்டியில் பிசைந்து வைத்த மாவு புளித்துப் பொங்கி, விளிம்பைத் தாண்டி, ஒரு பக்கமாகத் தரையை நோக்கி வழிந்துகொண்டிருந்தது. பேங்க் பூட்டினது மாவுக்குத் தெரியாது. தம்பி இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான். திருப்பின பக்கம் மாமா நின்றார். மறுபடி மாவையே பார்த்தான்.

வங்கி அதிகாரி நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். திட்டலாம் என்று போனால் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. நீங்க யாரு?"

"அடுப்புக்குச் சொந்தக்காரி." அவள் பதிவு நகலை நீட்டினாள். "தேதியப் பாருங்க. உங்க கடனுக்கு ஏழு மாசம் முன்னாடி. அடுப்பு எங்களுது. சங்கிலிய எடுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு பன் தட்டை வைத்தார்.

"உங்க பதிவு சரியாத்தான் இருக்கு. மனை எண் பதினாலுன்னு போட்டிருக்கீங்க. பதினாலு இது. இந்தக் கடை. இதுல எங்களுக்கு ஒண்ணும் கிடையாது. உங்க பதிவு இருக்குன்னுதான் இதை நாங்க அடமானமாவே எடுக்கல."

"அப்புறம்?"

"எடுத்தது பதினைஞ்சு. பின்னால இருக்கற மனை. சாருக்கு ரெண்டும் சொந்தம், ஆனா ரெண்டும் தனித்தனி மனை. பதினைஞ்சு ஏட்டுல ஒரு வில்லங்கமும் இல்ல, சுத்தமா இருந்துச்சு. அங்க கட்டியிருக்கறது, பதிச்சிருக்கறது எல்லாத்தோடயும் சேத்து எழுதி வாங்கினோம்." அவர் விரலால் ஒரு கோட்டைத் தொட்டார். அது கடையின் பின்சுவர். "அடுப்பு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும்மா."

ரசீதக்கா நிமிர்ந்து அடுப்பைப் பார்த்தாள். பின்சுவரில் இரும்புக் கதவு, அதைச் சுற்றிக் கறுப்புத் தகடு, பர்னர், நீராவித் திருகு. இதோ இந்தப் பக்கம்தானே இருக்கிறது?

"அது வாய்" என்றார் மேஸ்திரி, மெதுவாக.

"என்னது?"

"அது வாய்மா. வயிறு அந்தப் பக்கம். சுவத்த ஒடச்சு வாய வச்சு, வயித்தக் கொல்லையில கட்டினேன். கடையில எடம் ஏது? கட்டினா மாப்ள எங்க நிப்பான், மாவு மேலயா?"

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. கடை இருந்தது, அதிகாரி இருந்தார், எல்லோர் வாயும் அசைந்தது, சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. தம்பியும் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தான். அவன் முகத்தில் இருந்ததும் அதேதான்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. "நீ முன்னாடி மனையில பதிஞ்சிட்டியே, பின்னாடி மனை சும்மாதானே கெடக்கு, அத வச்சா அடுப்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். அடுப்பக் காப்பாத்தத்தான் அத வச்சேன். மைதா வெல ஏறிப்போச்சு, பெரிய கடைக்காரன் ஆர்டர நிறுத்திட்டான்…"

"டேய், தெனம் அந்த அடுப்புலதானேடா வேல பாக்கற? எங்க இருக்குன்னு தெரியாதா?"

"வாய்கிட்ட நின்னு வேல பாக்கறேன். பின்னாடி போய்ப் பாக்க அங்க என்ன சினிமாவா ஓடுது?"

*

திரும்பி வரும்போது தெரு முழுக்கச் சண்டை.

"படிச்சுப் படிச்சுக் கேட்டேனே, அடுப்பு எங்க நிக்குதுன்னு. கடையிலன்னு சொன்னீங்க."

"கடையிலதான். கேட்டா எந்த அடுப்பு மேஸ்திரியும் அதத்தான் சொல்வான். வாய் எங்கயோ அடுப்பு அங்க. இன்னைக்கு நேத்து வழக்கமா இது?"

"வயிறு இன்னொரு மனையில போகுதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அதுக்கெல்லாம் தனியா நம்பர் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? மண்ணு ஒரே நெறமாத்தான் இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சமயத்தில் வந்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. நடைபாதைக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனை அடுப்பு பதிந்தாள்! ஒன்றையாவது நேரில் போய்ப் பார்த்ததுண்டா? அவர் சொன்னார், இவள் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

மேஸ்திரி பக்கத்தில் குந்தினார். "அழறதுன்னா வீட்டுல போய் அழலாம்மா."

"எந்த வீட்டுல?"

அவர் செருப்பில்லாத காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் காலை பதிவு அலுவலகம் திறக்கிற நேரத்துக்கே போய் நின்றார்கள். எழுத்தர் அம்மாளுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு ஏடுகளையும் தூக்கி வந்து போட்டார். ரசீதக்காவை அவருக்கு நன்றாகத் தெரியும். வரிசையில் நின்று நகலுக்கு நகல் கேட்கிற ஒரே ஆள்.

"நீங்களா இப்படிப் பண்ணீங்க?" என்றார். துக்கம் விசாரிக்கிற குரல்.

"ஏதாவது வழி இருக்காம்மா? இப்போ பதினைஞ்சுலயும் பதிஞ்சா?"

"இன்னைக்குப் பதிஞ்சா இன்னைய தேதிதான் விழும். பேங்க் உங்களுக்கு முன்னாடி போயிடும். மண்ணோட ஒட்டினது மண்ணோட போகும்மா. போகாது, அது வேறன்னு சொல்லணும்னா அந்த மண்ணோட ஏட்டுலயே முன்கூட்டிச் சொல்லியிருக்கணும். கடன் குடுக்கறவன் ஏட்டத்தானே பாப்பான்? உங்க மனசையா பாப்பான்?"

ரசீதக்கா ஏட்டின் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். பதினைந்தாம் மனை. வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தில்தான் அவள் வீடு போயிருந்தது.

எழுத்தர் அம்மாள் ஒரு தும்மல் போட்டுவிட்டு, "சங்கிலி எங்க போட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

"அடுப்புலதான்" என்றார் மேஸ்திரி.

"அடுப்புலன்னா? நீங்க எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. எந்தப் பக்கம்?"

"வாயில. கதவுப் பிடியில."

"வாய் எந்த மனையில இருக்கு?"

"சுவத்துல. சுவரு கடையோடது."

"அப்ப பதினாலு." அவர் கைக்குட்டையை மடித்து வைத்தார். "பதினாலு உங்க பதிவு. அங்க சங்கிலி போட அவங்களுக்கு உரிமையே இல்ல. கதவு, தகடு, பர்னர், திருகு, சுவத்துல இருக்கறது அத்தனையும் உங்களுது."

மேஸ்திரியும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்று வந்த அதிர்ச்சியே இன்னும் இறங்கவில்லை, அதன் தலைமேல் இது.

"வாய மட்டும் வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?" என்றாள்.

"வயித்த மட்டும் வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

எழுத்தர் அம்மாள் பதிவுப் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். பிரித்து எடுக்கலாம். எடுக்கும்போது ஒட்டியிருக்கிற கட்டடம் உடைந்தால் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஆனால் பொருள் போனதால் மிச்சத்தின் விலை குறைந்தால் அதற்கு எடுத்தவர் பொறுப்பில்லை. இத்தனை வருஷம் முன்பக்கத்தை மட்டுமே நிரப்பிக் கொடுத்தவள், அந்தச் சின்ன எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் கிட்டே வைத்துப் படித்தாள்.

*

வாயை எடுப்பது என்பது கேட்பதற்குத்தான் சுலபம். அடுப்பு கட்டும்போது முதலில் நிறுத்துவது வாயைத்தான். அதன் தோள்மேல்தான் முதல் வளைவு ஏறும். அப்படியே உருவினால் வளைவு பொலபொலவென்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் சரிசெய்து கொடுக்க வேண்டியது இவர்கள். முன்பக்கம் மட்டும் மூன்று நாள் பிடிக்கும், உள்ளே மரச்சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும் என்றார் மேஸ்திரி.

வங்கி அதிகாரி படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தார். தன் வரைபடத்தைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். பிறகு யாரிடமோ போனில் நெடுநேரம், "இல்ல சார், வாய், வாய்… மௌத் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் தானே சாவி போட்டுச் சங்கிலியைக் கழற்றினார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க" என்றார் மேஸ்திரி. "சட்டம் குடுக்க நான் உள்ள போகணும். உள்ள உங்களுது. போகலாமா?"

"போங்க" என்றார் அதிகாரி, தன் வீட்டு வாசலைத் திறந்துவிடுகிறவர்போல.

கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. நெருப்பு அணைந்து ஒன்றரை நாள் ஆகியும் செங்கல் சூட்டை விடவில்லை. மேஸ்திரி ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போவதும், ஐந்து நிமிஷத்தில் தவழ்ந்து வெளியே வருவதுமாக இருந்தார். மூன்றாம் நாள்தான் முழுதாக உள்ளே இருக்க முடிந்தது. சட்டங்கள் நின்றன. பின்பு உளியை வைத்தார். வைத்த உளியை எடுத்துவிட்டார். இன்னொரு இடத்தில் வைத்தார். அதையும் எடுத்தார்.

"என்னங்க?"

"கட்டத்தான்மா வருது" என்றார். "இது வரல."

தம்பி மூன்று நாளாக ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தவன், வந்து மாமா கையிலிருந்து உளியை வாங்கினான்.

"தள்ளுங்க மாமா. எங்க அடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"மெதுவா, மாப்ள. தகட்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவுல. ரொட்டியத் தட்டுலேந்து பேத்தெடுக்கற மாதிரி."

அவன் அப்படியே பெயர்த்தான். சாயங்காலத்துக்குள் வாய் தனியாக வந்து நாலு பேர் தோளில் ஏறியது. வளைவிலிருந்து ஒரு செங்கல்கூட விழவில்லை. சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கறுப்பு ஓட்டை. அதிகாரி குனிந்து உள்ளே பார்த்தார்.

"இத யாரு வாங்குவா?" என்றார், பொதுவாக.

*

வாய் எட்டு நாள் பட்டறையில் தகரத் தடுப்பில் சாய்ந்து நின்றது. ரசீதக்காவுக்குத் தூக்கமில்லை. சட்டப்படி ஜெயித்தாயிற்று, ஜெயித்தது ஒரு இரும்புக் கதவு. பழைய இரும்புக்குப் போட்டால் ஒரு ஜன்னல் வாங்கலாம். ஜன்னலை எங்கே வைப்பது? பின்மனையை வாங்குகிறவர் புதிதாக ஒரு வாய் செய்துகொண்டால் இவர்கள் கதை அத்தோடு முடிந்தது.

ஒன்பதாம் நாள் பிஸ்கட் கம்பெனி அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்மனையை வங்கியிடம் வாங்கப் போகிறவர். கடையைத் தம்பியிடம் வாடகைக்குப் பேசியிருந்தார். கனத்த உடம்பு, கறாரான பேச்சு.

"வேற வாய் வைக்கலாம்னு ரெண்டு மேஸ்திரியக் கூட்டிட்டுப் போனேன்" என்றார். "உள்ள பாத்துட்டு ரெண்டு பேரும் ஒண்ணயே சொன்னாங்க. இந்த வளைவுக்கு இந்த வாய்தான் உக்காருமாம், வேற வச்சா ஆறு மாசத்துல விரிசல் விடுமாம். என்ன வேணும் உங்களுக்கு?"

மேஸ்திரி மனைவி பக்கம் கையைக் காட்டினார்.

"எங்களுக்கு வர வேண்டிய மிச்சத் தவணை, மொத்தமும்" என்றாள் ரசீதக்கா.

"பாதி இப்ப. பாதி ஒரு வருஷத்துல."

"அப்ப அந்த ஒரு வருஷத்துக்கு அடுப்பு எங்க பேர்ல பதிவாகணும்."

"பதிஞ்சுக்குங்க. ஆனா பேங்க் எம்பேருக்கு எழுதிக் குடுக்கற அன்னைக்கே, அதே மேசையில. நானும் கடன் வாங்கறவதான், எனக்குக் குழப்பம் வேண்டாம். அப்புறம் அந்த அடுப்போட போக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்."

"எம் மச்சான் இருக்கான்" என்றார் மேஸ்திரி. "வாயிலேந்து மூணடி வரைக்கும் அவனுக்கு அத்துப்படி."

ரசீதக்கா பேனாவை எடுக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டினாள். "டேப்பக் குடுங்க" என்றாள். "நானே போய்ப் பாத்துட்டுத்தான் எழுதுவேன்."

சுவர் ஓட்டை வழியாகத் தம்பி முதலில் நுழைந்தான், டார்ச்சோடு. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே தவழ்ந்தாள். நிமிர முடியாது. முழங்கையெல்லாம் சாம்பல். மேலே வளைவு, செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி தெரியாமல், அவ்வளவு அழகாக. இருபத்தாறு வருஷம் ஒரு மனிதரோடு வாழ்ந்து, அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அக்கா, பாத்து. சட்டத்துல தல இடிக்கும்."

"இவ்ளோ பெருசாடா?"

"நானும் இப்பத்தான் பாக்கறேன்."

டேப்பின் ஒரு முனையை அவன் கடைக்கோடியில் பிடித்தான். அவள் டார்ச் வெளிச்சத்தில் எண்ணைப் பார்த்தாள். பதினாலரை அடி. குறுக்கே பிடிக்கச் சொன்னாள். ஒன்பதே முக்கால். எண் கண்ணில் பட்டதும் கை நின்றுவிட்டது. வீட்டை விற்ற பத்திரத்தில் அவள் கையாலேயே எழுதிக் கொடுத்த எண்கள். அந்த வீட்டின் உள்ளறை.

"என்னங்க" என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டாள். குரல் வளைவில் பட்டு, வேறு யாரோ கூப்பிட்ட மாதிரி கேட்டது. "இந்த அளவ எங்கேந்து எடுத்தீங்க?"

சுவர் ஓட்டையில் மேஸ்திரியின் தலை தெரிந்தது.

"எங்கேந்தும் எடுக்கலியே" என்றார் மேஸ்திரி. "அவசரத்துல கட்டினேன். அதுல படுத்துப் படுத்து ஒடம்புக்கு அந்த அளவுதான் தெரியும்போல."

ரசீதக்கா சாம்பலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தலை லேசாக வளைவில் தட்டியது. தம்பி டேப்பை விட்டுவிட்டு ஊர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவனுக்கு இரண்டு வருஷப் பழக்கம். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது.

வெளியே பிஸ்கட் கம்பெனி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன, இன்னும் உள்ளயா இருக்காங்க?"

"வருவா" என்றார் மேஸ்திரி. "வீட்டக் காலி பண்ண அவளுக்கு எப்பவும் நேரமாகும்."